சபையில் உங்கள் பெயரைச் சொன்னேன்

இஞ்சாருங்கோ,

கடிதத்தை இப்படித் தொடங்குவது சரிதானா என்று தெரியவில்லை. பெரிய மனிதர்கள் எழுதும் அஞ்சலிகளில் அமரர் என்றும் ஆருயிர் என்றும் என்னென்னவோ இருக்கிறது. தாலி கட்டிய நாளிலிருந்து நான் உங்களைக் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தான். இப்போது புதிதாக ஏதாவது சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நீங்கள் பாட்டுக்குப் படுத்திருப்பீர்கள்.

நீங்கள் போய் வருஷம் திரும்புகிறது. சபையின் மாதப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி போதகர் கேட்டார். நாலு வரியில் நிற்கிற வாயா என் வாய்? நடந்ததை நடந்தபடி எழுதுவேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, உயிரோடு இருப்பவர்களின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் அம்மா என்றார். மாற்றியிருக்கிறேன். உங்கள் பெயரையும் உங்கள் அண்ணரின் பெயரையும் மாற்றவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சாவைக் காரணம் காட்டி நம் சபையை இரண்டாக வெட்டப் பார்த்தார்கள். அதற்கு உங்கள் மனைவியையே சாட்சிக்கு அழைத்தார்கள். சாட்சி சொன்னால் நம் மகள் புஷ்பத்துக்குக் கல்யாணம்.

இங்கே காலம் நன்றாக இல்லை. ரப்பர் விலை விழுந்துகொண்டே போகிறது. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் கூலிகள் இருக்கிற லயத்துக்கு லயம் ஆட்களை நிறுத்திக் கப்பலேற்றுகிறார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைக்கிறார்கள். யாருக்கு எப்போது சீட்டு வரும் என்று தெரியாமல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒவ்வொரு வீட்டிலும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். ஒருவர் தும்மினால்கூட மற்றவர் ஒரு அடி தள்ளி நிற்கிறார்.

நீங்கள் போனதும் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். பாசாருக்குப் பின்னால் ஒரு சீனக்கிழவரின் கடைக்கு மேலே இரண்டு அறை. புஷ்பம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். உங்கள் காக்கிக் கோட்டை இன்னும் நான்தான் வெயிலில் போட்டு எடுக்கிறேன். அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. கேட்கிறவர்களும் தொடாமல்தான் கேட்கிறார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் நம் ஆலயத்தை அறியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியருகே ஒரே தடவையில் எல்லாரும் முழங்காலிட இடம் இல்லாததால் பந்தி பந்தியாகப் போகவேண்டும். முதல் பந்தியில் யாழ்ப்பாணத்தார்: கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற கிராணிமார், ஸ்டேஷன் மாஸ்டர்மார், அவர்கள் குடும்பங்கள். இரண்டாவதில் இந்தியாவிலிருந்து வந்த வாத்தியார்மாரும் கடைக்காரர்களும். மூன்றாவதில் தண்டவாளம் போடுகிற கூலிகளும், கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வருகிற தோட்டத்து ஜனங்களும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் யாருக்கும் சொன்னதுமில்லை. ஆனாலும் ஒரு குழந்தைகூடத் தவறி எழுந்ததில்லை.

திராட்சரசம் ஊற்றிய ஒரே வெள்ளிப் பாத்திரம் மூன்று பந்திக்கும் போகும். மேலிருந்து கீழே போகும், கீழிருந்து மேலே வராது. அதனால் எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நீங்களும் உங்கள் அண்ணரும் முதல் பந்தியில் பாத்திரத்துக்கு மிக அருகே இருப்பவர்கள். ஆபிரகாம் செல்லையா என்றால் கோலாலம்பூரில் தெரியாத யாழ்ப்பாணத்தான் உண்டா? பெரிய கந்தோரில் பெரிய கிராணி, சபையில் மூப்பர். கடைசி இரண்டு வருஷம் அவர் நம் வீட்டில்தான் கிடந்தார். இராத்திரியெல்லாம் இருமுவார். அவர் போர்த்திய துப்பட்டியை நான் வெந்நீரில் அலசும்போது தண்ணீர் சிவக்கும். யார் கேட்டாலும் முட்டு என்றோம். வந்து பார்த்த யாழ்ப்பாணத்தார் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு, ஓம், முட்டுத்தான், பனிக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள். மூச்சு முட்டுக்கும் கசம் என்கிற சயரோகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா அவர்கள்? ஊரில் அந்த நோய் வந்த வீட்டில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அதனால் ஒருவருக்கொருவர் உதவியாக எல்லாரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்.

அந்த இரண்டு வருஷமும் திருவிருந்து ஞாயிறென்றால் அண்ணர் எழுந்து வேட்டி உடுத்திச் சால்வை போட்டுக்கொண்டு போவார். முதல் பந்தியில் முதல் ஆளாகக் குடிப்பார். அவருக்குப் பிறகு சபை முழுவதும் அதில் குடித்தது. அன்றைக்கு ஒருவருக்கும் பயம் வரவில்லை.

அவரை அடக்கம் பண்ணிக் கொஞ்ச காலத்துக்குள் நீங்கள் இருமத் தொடங்கினீர்கள். ரயில்வே டாக்டர் நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டு, இது இன்று நேற்று வந்ததல்ல என்றார். அடுத்த திருவிருந்தில் முதல் பந்தி எழுந்தது, நீங்கள் எழவில்லை. இரண்டாவது போயிற்று. மூன்றாவதில், அதுவும் கடைசி ஓரத்தில், தோட்டத்து ஞானம்மாவின் புருஷனுக்கு அப்பால் போய் முழங்காலிட்டீர்கள். ஆலயத்தில் அத்தனை தலையும் திரும்பியது எனக்கு இன்றும் கழுத்தில் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து நான் சண்டை பிடித்தேன். நீங்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னது ஞாபகமிருக்கிறதா?

"எனக்குப் பிறகு அதிலை ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாது. போதகரிட்டைச் சொல்லிப்போட்டன். மிச்சத்தை மண்ணிலை ஊத்திப்போட்டுக் கொதிதண்ணியிலை கழுவுவார். நீ ஒருத்தருக்கும் சொல்லாதை."

முதலில் போனது பயத்தால்தான். அதை நீங்களே மறுக்கமாட்டீர்கள். ஆனால் பிறகு ஆராதனை முடிந்ததும் அவர்களோடு வேப்பமரத்தடியில் நின்று கதைத்தீர்கள். கிள்ளான் வண்டியில் கார்டாகப் போகும்போது அவர்கள் பிள்ளைகளுக்குப் பச்சைக் கொடியைக் காட்டி விளையாடினீர்கள். இருமல் கூடிய பிறகும் அந்த லயத்தில் ஒரு மரணம் என்றால் போய் நின்றீர்கள். அது எதனால்? கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள் என்று கேட்காமல் விட்டேன்.

இனி புதுக் கதை. நல்லதம்பியரை மறந்திருக்கமாட்டீர்கள், உங்கள் அண்ணருக்குப் பிறகு மூப்பராக வந்தவர், எதையும் இங்கிலீஷில் தொடங்கித் தமிழில் கோபித்து முடிப்பவர். மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவர் வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. சபைக் காசில் வாங்கி, சீமையிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த பெட்டி. உள்ளே வைக்கோலுக்கு நடுவே சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாசுகள், விரல் நுனி அளவு. ஆளுக்கொரு கிளாசில் திராட்சரசம் ஊற்றித் தட்டில் வைத்துக் கொடுப்பதாம். அங்கெல்லாம் இப்போது அப்படித்தானாம்.

அதில் நான் குற்றம் சொல்லவில்லை. இரண்டு பேரைச் சயரோகத்துக்குக் கொடுத்தவள் நான். தனிக் கிளாஸ் நல்லதுதான் என்று முதலில் நினைத்தவளும் நான்தான். பெட்டியைப் பிரித்தபோது நான் அங்கே இருந்தேன். அன்னமக்கா, அவருடைய மனைவி, ஒவ்வொன்றாகத் துடைத்து மேசையில் வைத்தாள். எல்லாருக்கும் காணாதே என்று கேட்டேன்.

நல்லதம்பியர் சொன்னார்: "எல்லாருக்கும் எதுக்கு? முதல் ரெண்டு பந்திக்கும் கிளாஸ். மூண்டாம் பந்திக்குப் பழைய பாத்திரம் இருக்குத்தானே. கொஞ்ச நாள் போனால் அவைக்குப் பின்னேரத்திலை தனி ஆராதனை வைக்கலாம். அவைக்கும் அது வசதி."

 அன்னமக்கா துடைக்கிற துணியின் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. 

அடுத்த வாரத்திலிருந்து ஒரு பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. யார் வாயில் முளைத்ததோ தெரியாது. பொன்னையா கார்டு தோட்டத்து ஆட்களோடு கடைசிப் பந்தியில் குடித்தாராம், அந்தக் கசம் அவருக்கு அங்கேதான் பிடித்ததாம், நல்ல மனிதர் நல்ல மனதால் செத்தாராம். செந்தூல் வரைக்கும் போயிற்று. கிள்ளான் சபையில்கூடச் சொன்னார்களாம். உங்களுக்காகக் கண்ணீர் விட்டார்கள், இஞ்சாருங்கோ! உங்களை மண்ணில் வைத்த அன்று எட்டி நின்றவர்களெல்லாம் இப்போது உங்களைத் தியாகி ஆக்கிவிட்டார்கள்.

அதே வாரத்தில் அன்னமக்கா வெற்றிலைத் தட்டோடு வந்தாள். அவளுடைய மகன் ஜெயம் சர்வே கந்தோரில் இருக்கிறான், உங்களுக்குத் தெரியும். அவனுக்குப் புஷ்பத்தைக் கேட்டாள். என் கைகால் ஓடவில்லை. தகப்பனில்லாத பெண், கடைக்கு மேலே குடியிருக்கிற பெண். புஷ்பம் உள் அறையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் அவன்மேல் விருப்பம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போகும்போது அன்னமக்கா படியில் நின்று என் பெயரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "செல்லம், ஞாயித்துக்கிழமை சபைக் கூட்டத்திலை இவர் உன்னைக் கேப்பார். உன்ர மனுசனுக்கு நோய் அங்கை, அந்தப் பந்தியிலைதான் பிடிச்சதோ எண்டு. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போடு. வெளியாலை வந்த நோய் எண்டால் எங்கட சனமும் ஒண்டும் கதைக்காது. ஊரிலை என்ர தமையன்மாருக்கும் எழுதலாம். குடும்பத்திலை இருக்கிற நோய் எண்டால்..." மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

அவள் கெட்டவள் அல்ல. உங்கள் அண்ணர் கிடந்த காலத்தில் முட்டையும் கஞ்சியும் கொண்டுவந்து தந்தவள் அவள்தான். வந்ததால்தான் அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்தே ஒரு பொய்யை என் கையில் தந்துவிட்டுப் போனாள். அதுவும் என் பிள்ளையின் நன்மைக்காக.

மூன்றாம் நாள் மத்தியானம் ஞானம்மா வந்தாள். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து, மேலே வராமல் கடை வாசலிலேயே நின்றாள். சீனக்கிழவர் வந்து என்னைக் கூப்பிட்டார். இறங்கிப் போனேன். வெயிலில் நின்றவளின் முகம் கறுத்து வற்றிக் கிடந்தது.

"அம்மா, கார்டு ஐயா எங்களாலதான் செத்தாருன்னு சொல்றாங்களே. நெஜமா?"

முதலில் நிழலுக்கு வா என்றேன். அவள் அசையவில்லை.

"எங்க லயத்துல யாருக்கும் அந்த இருமல் இல்லம்மா. நானும் எல்லார் மூஞ்சியையும் பாத்துட்டேன். ஒவ்வொருத்தன் தூங்கும்போதும் போய்க் காது குடுத்துக் கேட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு சோறு எறங்காம கெடக்காரு. அவரு பக்கத்துலதானே ஐயா முட்டி போட்டாரு. நீங்க மட்டும் சொல்லுங்க. ஆமான்னா நாங்க இனிமே கோயிலுக்கு வரல. யாரையும் கொல்லவா நாங்க வர்றோம்?"

சொல்லியிருக்கலாம், அங்கேயே, அந்த வாசலிலேயே. மாடியில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வா ஞானம்மா, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கழுவல்தான் என்னை அன்று முழுதும் சாப்பிட விடவில்லை.

புஷ்பத்திடம் மறைக்கவில்லை. எல்லாம் சொன்னேன். அவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களைப் போலவே, கோபம் வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது.

"பெரியப்பாவின்ர நோயைச் சபையிலை சொன்னால் என்ர கலியாணம் முடிஞ்சுது. அது உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள்.

தெரியும் என்றேன்.

"அப்பாவை அந்தச் சனங்கள்தான் சாகடிச்சது எண்டு நீங்கள் சொன்னால் நான் உங்களோடை கதைக்கவே மாட்டன். இதுவும் தெரியுமோ?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பின்னை என்னை என்னதான் செய்யச் சொல்லுறாய்?" என்று கத்தினேன். அவள் அழத் தொடங்கினாள். என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் தொப்பியை மாட்டிக்கொண்டு ட்யூட்டிக்குப் போயிருப்பீர்கள். வீட்டில் இரண்டு பேர் அழுதால் அதுதானே உங்கள் வழக்கம்.

ஞாயிறு வந்தது. ஆராதனைக்குப் பிறகு கூட்டம். வானம் மூடிக் கிடந்தது, காற்றில்லை, ஆலயத்துக்குள்ளே விசிறி இழுக்கிறவனும் அன்று வரவில்லை. தோட்டத்து ஜனங்கள் வந்திருந்தார்கள், ஆனால் உள்ளே உட்காரவில்லை. பின்கதவருகே ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளை வாயை மூடிக்கொண்டு நிற்கும்படி சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. ஒவ்வொன்றும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

நல்லதம்பியர் நன்றாகப் பேசினார். சுகாதாரம் என்றார், விஞ்ஞானம் என்றார். இன்னொரு பொன்னையாவை நாம் இழக்கக் கூடாது என்றபோது குரல் தழுதழுத்தது. பிறகு என் பக்கம் திரும்பி, சகோதரியே, உண்மையைச் சபைக்குச் சொல்லுங்கள் என்றார். ஜெயம் முன் வரிசையில் இருந்தான். அன்னமக்கா என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த சங்கீதப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன்.  சபையில் பெண் எழுந்து பேசுவது வழக்கமில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் புருஷன் என்று தொடங்கி நிறுத்தினேன். பிறகு என்ன நினைத்தேனோ, உங்கள் பெயரைச் சொன்னேன். கல்யாணப் பதிவில் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்ற என் தமையனைச் சொல்லவைத்த பெயர்.

"ஐசக் பொன்னையாவுக்கு இந்த நோய் எங்கட வீட்டிலை வந்தது. ஆபிரகாம் செல்லையாவுக்கு இருந்தது முட்டு இல்லை, கசம். ரெண்டு வருஷம் நான் ரத்தத் துணி தோச்சனான். அவர் முதல் பந்தியிலை முதல் ஆளாக் குடிச்சவர். நீங்கள் எல்லாரும் அதுக்குப் பிறகுதான் குடிச்சனீங்கள். என்ர மனுசன் கடைசிப் பந்திக்குப் போனது நோயை எடுக்க இல்லை. தனக்குப் பிறகு ஒருத்தரும் குடிக்கக் கூடாது எண்டுதான். போதகரைக் கேளுங்கோ. இங்கை இருக்கிற ஆருக்கு இது தெரியாது? சொல்லுங்கோ பாப்பம்."

 போதகர் மட்டும், ஆம், அந்த அம்மா சொல்வது உண்மை, நான்தான் மிச்சத்தை மண்ணில் ஊற்றினேன் என்றார். முன் வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்தவரும். அந்தப் பயம் ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் வருவதை நான் கண்ணால் பார்த்தேன். எத்தனை பேர் அன்று தங்கள் நெஞ்சுக்குள் கேட்டுப் பார்த்துக்கொண்டார்களோ.

நல்லதம்பியருக்கு முகம் சிவந்தது. "செத்த மனுசனை அவமானப்படுத்திறீர்!" என்று கத்தினார். "அப்ப கிளாஸ் வேண்டாமோ? எல்லாரும் ஒரு பாத்திரத்திலை குடிச்சுச் சாவமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்கதவிலிருந்து ஞானம்மாவின் குரல் வந்தது. "கிளாஸ் வேண்டாம்னு யாருய்யா சொன்னா? எங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு. கிளாஸ்னா எல்லாருக்கும் கிளாஸ் குடுங்க. கிண்ணம்னா எல்லாருக்கும் கிண்ணம் குடுங்க. இது ரெண்டுல எது செஞ்சாலும் நாங்க வர்றோம். இல்லேன்னா சொல்லிடுங்க, அடுத்த ரயிலுக்குப் போயிடறோம்."

 அதற்குப் பிறகு நடந்த கூச்சலை எழுத எனக்குப் பொறுமையில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு முடிவு வந்தது. தனிக் கிளாஸ், எல்லாருக்கும். போதாததை அங்கேயே கொதிதண்ணீரில் அலசி மறுபடியும் நிரப்புவது, முன்பந்திப் பெண்களும் பின்பந்திப் பெண்களும் சேர்ந்து. பந்தி முறை கிடையாது. எழுந்தவர் எழுந்தபடி வரலாம். கை தூக்கியவர்கள் மனமில்லாமல்தான் தூக்கினார்கள், ஆனாலும் தூக்கினார்கள். நல்லதம்பியர் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

போன ஞாயிறு அந்தத் திருவிருந்து. இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

தட்டில் கிளாசுகள் நிறைந்து நின்றன. போதகர் அழைத்தார். ஒருவரும் எழவில்லை. இத்தனை காலமும் யாருக்குப் பின்னால் யார் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது, இப்போது அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் இருப்பவர்கள் முதலில் எழுந்தால் பழைய பந்தியைப் பிடிக்கிறார்கள் என்றாகிவிடும். பின்னால் இருப்பவர்கள் முதலில் எழப் பயந்தார்கள். போதகர் மறுபடி அழைத்தார். நல்லதம்பியர் தன் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார், இதைத்தான் எதிர்பார்த்தவர் போல. தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதோடு சபை முடிந்தது என்றும் நினைத்தேன்.

என் பக்கத்தில் இருந்த புஷ்பம் எழுந்தாள்.

நான் அவள் சேலையைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டு நடந்தாள். கிராதியின் நடுவில் தனியாகப் போய் முழங்காலிட்டாள். இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது. கசம் வந்த வீட்டுப் பெண் என்று இப்போது ஊருக்கே தெரியும், அவளுக்குப் பக்கத்தில் யார் போவார்கள்? நான் எழ நினைத்து அப்படியே இருந்துவிட்டேன். தாய் போய்ப் பக்கத்தில் நின்றால் அதில் என்ன இருக்கிறது, அது எங்கள் வீட்டு வரிசையாகத்தான் இருக்கும்.

பின்னாலிருந்து ஞானம்மா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புஷ்பத்தின் இடது பக்கத்தில் முழங்காலிட்டாள். வலது பக்கம் காலியாக இருந்தது.

முன் வரிசையில் சேலை சரசரத்தது. அன்னமக்கா எழுந்தாள். புருஷன் அவளை நிமிர்ந்து பார்த்தார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போய்ப் புஷ்பத்தின் வலது பக்கத்தில், தோள் உரசுகிற அளவு நெருங்கி முழங்காலிட்டாள். முழங்கால் வாதத்தால் அவள் தடுமாறியபோது புஷ்பம் கை கொடுத்தாள், அவள் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள். கிராணிமாரும் கூலிகளும், எனக்குத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், இடம் இருந்த இடத்தில் முழங்காலிட்டார்கள். யார் அழுதார்கள் என்று தெரியாது, நான் அழுதேன். நல்லதம்பியரும் இன்னும் சில வீட்டாரும் மட்டும் எழவேயில்லை. இந்த வாரத்திலிருந்து அவர் வீட்டு விறாந்தையில் தனி ஜெபம் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. அங்கே நாற்காலி கூடிக்கொண்டு வருகிறதாம்.

ஆராதனை முடிந்து கிளாசுகளை அலசிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கத்தில் ஞானம்மா கொதிதண்ணீர் ஊற்றினாள், நான் துடைத்தேன். அன்னமக்கா வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

"செல்லம், இனி என்ர வீட்டுப் பக்கம் கலியாணக் கதை கதைக்க வராதை. ஆண்டவருக்கு முன்னாலை உன்ர பிள்ளைக்குப் பக்கத்திலை நான் முழங்காலிடுவன், சாகுமட்டும் இடுவன். ஆனால் என்ர வீட்டுக்கு அவளை எடுக்க ஏலாது. நான் பெத்தவள்."

 நானும் பெற்றவள்தானே. அவள் கையை விட்டுவிட்டு மறுபடி துடைக்கப் போனேன். கிளாஸ் ஒவ்வொன்றும் சூடாக இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் புஷ்பம் கேட்டாள்: "அன்னம் மாமி என்ன சொன்னவ? எனக்குப் பக்கத்திலை வந்தவ எல்லோ!" அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம்.  பிறகு சொல்கிறேன் என்றேன். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வாசிப்பேன். இந்த இடம் வரும்போது என் குரல் எப்படி இருக்கப்போகிறதோ தெரியாது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தர வேண்டும். உங்கள் பெயரைச் சொன்னதற்காக ஒருநாளும் வருந்தமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏலாது. நேற்றும் வருந்தினேன், இன்று பின்னேரம் இன்னும் வருந்துவேன். ஆனால் அதே சபையில் அதே கேள்வியை மறுபடி கேட்டால், புஷ்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதே பதிலைச் சொல்வேன்.

உங்கள் மனைவி,
புஷ்பத்தைப் பெற்றவள்,
செல்லம்